ஒரு மிளகாய் வைத்தோம், ஒன்று கிடைத்தது

தேடிப் பார்த்தேன், தவறு எதுவும் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அவர் எங்கெல்லாம் தேடவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இதை என்னிடம் கேட்டவர் என் மேலதிகாரி மெஹ்ரா சார். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. என் மகள் யாழினிக்கு இப்போது இரண்டு வயது ஆகப் போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கிடையில் அவருக்கு இன்னொரு பதிலும் பாக்கி இருக்கிறது. வேலைக்குத் திரும்பி வருகிறேனா இல்லையா என்று ஹோலி விடுமுறை முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இந்தப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு வயதுக்காரி எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். ஆனால் ராஜினாமா எழுதிக் கொடுத்து, அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, மேசையைக் காலி செய்துவிட்டு வந்தவள்தான் நானும். அந்த வேலையைப் பற்றிக் கேட்க ஆட்களும் இருக்கிறார்கள். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஷ்ரேயா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். அக்கா என்று கூப்பிட்டு, இந்தியில் கேட்டாள்.

"தீதி, மிளகாய் வைக்கிறதுன்னா என்ன? சார் தினமும் சொல்றார். யாருக்கும் புரியல. உங்ககிட்ட கேளுன்னுட்டார்."

"இப்போ யாரும் வைக்கிறதில்லையா?"

"எதுக்கு தீதி? நாங்க ஒரு வாக்கியம் டைப் பண்றோம். சாஃப்ட்வேரே அதுக்குத் தேடலை எழுதி, தேடி, பதிலும் சொல்லிடுது. நாங்க க்வெரியைப் பார்க்கிறதுகூட இல்ல."

பார்ப்பதுகூட இல்லை என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். மந்திர் மார்க்கில் தமிழ் வழியில் பள்ளி, பிறகு சிவில் இன்ஜினியரிங், அதன் பிறகு ஒரு மென்பொருள் பயிற்சி. புசா ரோட்டில் ஒரு கட்டட ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. படித்தது எல்லாம் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டது அந்த அலுவலகத்தில்தான்.

ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அதைக் கணினிக்குள் முழுதாகக் கட்டிவிடுவோம். அதை மாடல் என்போம். அது வெறும் படம் இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் தன்னைப் பற்றித் தெரியும். எந்த மாடியில் இருக்கிறேன், எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவில் இருக்கிறேன், எந்தப் பக்கம் திறப்பேன், தீப்பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்றெல்லாம் அதனிடம் எழுதி வைத்திருப்போம். ஒரு பெரிய மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கதவுகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் நிபந்தனைகளை அடுக்கி ஒரு கேள்வி எழுதுவோம். கதவாக இருக்க வேண்டும், இன்ன இடத்தில் இருக்க வேண்டும், இன்னது தவறாக இருக்க வேண்டும். மென்பொருள் தேடி, பொருந்துகிறவற்றை மட்டும் சிவப்பாகக் காட்டும். ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் என்று காட்டும். இப்படிக் கேள்வி எழுதுவதுதான் என் வேலை.

மெஹ்ரா சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது "சார், ரிசல்ட் வந்துடுச்சு" என்று கூப்பிட்டால், ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு நம் நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். திரையைப் பார்க்கவே மாட்டார்.

"ரிசல்ட் அப்புறம். முதல்ல கேள்வியைப் படிங்க, நித்யா ஜி."

மென்பொருளின் மொழியில் படிக்கக் கூடாது. வீட்டில் பேசுவதுபோலச் சாதாரண இந்தியில், முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அவர் மடியில் ஒரு காகிதப் பொட்டலம் நிறைய வறுத்த நிலக்கடலை இருக்கும். நாம் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே இருப்பார். கேள்வியில் ஏதாவது ஒரு சொல் அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் அந்தச் சத்தம் நிற்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கடலை உடையும் சத்தம் நின்றால் போதும், எங்கே தவறினேன் என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

மிளகாயும் அவர் ஏற்படுத்திய வழக்கம்தான். ஒருவர் கேள்வி எழுதும்போது, இன்னொருவர் அவருக்குத் தெரியாமல் மாடலில் எங்கேயாவது ஒரு தவறை வேண்டுமென்றே செய்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மிளகாய். கேள்வி சரியானதாக இருந்தால் அந்த மிளகாய் அகப்பட வேண்டும். அகப்படாவிட்டால் கேள்வியில் ஓட்டை. எங்கே வைத்தோம் என்று எழுதி வைக்கவோ அடையாளம் போடவோ கூடாது. தேடல் முடிந்ததும் வைத்தவரே வந்து, "இதுதான் என்னுடையது" என்று சொல்லி எடுத்துவிட வேண்டும்.

சேர்ந்த புதிதில், தீ தாங்கும் நேரம் குறைவாக உள்ள கதவுகளை நான் தேடினேன். பூஜ்யம் வந்தது. பெருமையாகச் சொன்னேன். எனக்கு வைத்திருந்த மிளகாய், அந்த நேரமே எழுதப்படாமல் காலியாக விடப்பட்ட ஒரு கதவு. காலியாக இருப்பது குறைவும் இல்லை, அதிகமும் இல்லை. அதனால் என் கேள்வி அதைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து பூஜ்யத்தைக் கண்டால் எனக்குப் பயம்.

இந்தப் பயம் நல்லதா கெட்டதா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. வேலையில் அதை நல்ல குணம் என்று சொன்னார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தில்லிக்கு மேற்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரப் படிக்கட்டுக்குப் போகும் கதவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் படிக்கட்டை நோக்கி ஓடுவார்கள். கதவு அவர்கள் ஓடும் பக்கமாகத் திறக்க வேண்டும். தள்ளினால் திறக்க வேண்டும். இழுத்தால் திறக்கும் கதவு என்றால் பின்னால் வருகிற கூட்டம் முன்னால் இருப்பவரைக் கதவோடு வைத்து நசுக்கிவிடும். சட்டத்தில் உள்ள விதிதான், எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடி, பிறந்த குழந்தைகளுக்கான பிரிவு. அங்கிருந்து ஓடி வரும் நர்சின் இரண்டு கையிலும் குழந்தை இருக்கும். அவளால் தோளால் தள்ள முடியும். இழுக்க முடியாது. என் வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகு இந்த ஒரு காட்சி எனக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

அன்று மாலை வரைபடங்கள் போயாக வேண்டும். மறுநாள் காலை மூன்றாவது மாடியில் இரும்புக் கதவுச் சட்டங்களைச் சுவரில் பொருத்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். பொருத்திச் சிமென்ட் போட்டுவிட்டால் திருப்ப முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மருத்துவமனையின் சார்பில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கர்னல், எங்கள் மீட்டிங் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். வரைபடம் கையில் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புதான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

எனக்கு மிளகாய் வைத்தவர் கார்த்தி. கோயம்புத்தூர்க்காரர், என்னோடு ஒரே ஆண்டில் சேர்ந்தவர். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக மதிய விமானம் பிடிக்க வேண்டியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க நித்யா, மொளகா வெச்சாச்சுங்க. ஒண்ணே ஒண்ணு. அகப்பட்டுதுன்னா நீங்களே எடுத்துருங்க. எனக்கு நேரமாச்சு."

"எங்கன்னு சொல்லிட்டுப் போங்க கார்த்தி."

"அதெப்படீங்க சொல்றது? சார் காதுல உளுந்தா என்ற தங்கச்சி கல்யாணத்துக்கு என்னய வுட மாட்டாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் தேடலை ஓட்டினேன்.

திரையில் ஒரு கதவு சிவந்தது. தரைத்தளத்தில், பழைய ஆவணங்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டுக் கதவு. தவறான பக்கம் திறக்கிறது. வேறு எதுவும் இல்லை.

ஒரு மிளகாய் வைத்தார். ஒன்று கிடைத்தது. கணக்குச் சரி. அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வரைபடத்தை அனுப்ப வேண்டியதுதான். மெஹ்ரா சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கர்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அன்று முக்காலி இல்லை, கண்ணை மூடவும் இல்லை. வெளி ஆள் முன்னால் அதெல்லாம் செய்ய மாட்டார்.

"ஒண்ணு வச்சோம், ஒண்ணு வந்தது. அவ்வளவுதான். எடுத்துட்டு அனுப்புங்க."

திரும்பி வந்து அந்தக் கதவைச் சொடுக்கினேன். திருப்பிப் போடக் கை போனது. அதற்குள் ஒரு மூலையில் சின்ன எழுத்தில், கடைசியாக இதைத் தொட்டவர் யார் என்று மென்பொருள் காட்டும் இடம் கண்ணில் பட்டது. கார்த்தி பெயர் இல்லை. கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய பெயர்.

அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கணினி காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் உண்டு. கட்டடக் கலைஞரின் ஆட்கள் எங்களிடம் வந்து உட்காருவார்கள், எங்கள் ஆட்கள் அவர்கள் பெயரில் இருக்கும் இயந்திரத்தில் வேலை செய்வார்கள். கார்த்தியும் அப்படிச் செய்திருக்கலாம். அவரை அழைத்தேன். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. விமானம் ஏறியிருப்பார். மறுபடி அழைத்தேன். மறுபடியும்.

இது கார்த்தியின் மிளகாய் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று மெல்ல யோசித்தேன். இது நிஜமான தவறு. கார்த்தியின் மிளகாய் வேறு எங்கேயோ இருக்கிறது. என் கேள்வி அதைப் பார்க்கவில்லை. அந்த மிளகாய் இருக்கிற மாதிரியான இடம் எதையுமே பார்க்கவில்லை.

இல்லை, நான் ரொம்ப யோசிக்கிறேனோ? பக்கத்து மேசையில் இருந்த ரிது, "ப்ரெக்னன்ஸில எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுப்பா, கேஸ் அணைச்சேனா அணைச்சேனான்னு மூணு தடவை படியேறுவேன். அனுப்பிட்டு வீட்டுக்குப் போ" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அன்று காலை நானே மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பூட்டியிருந்தது. நான் சந்தேகப்பட்டு இழுத்துப் பார்த்த எல்லாப் பூட்டுகளும் பூட்டித்தான் இருந்திருக்கின்றன.

உள்ளே குழந்தை புரண்டது. எழுந்து மீட்டிங் அறைக்குப் போனேன்.

"அனுப்பியாச்சா?" என்றார் மெஹ்ரா சார்.

"இல்ல சார். கேள்வியை ஒரு தடவை படிக்கணும்."

"இப்பவா?"

கர்னல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் மேடம், உங்க கம்ப்யூட்டருக்கும் மூட் சரியில்லையா? காலைல என் ஆளுங்க மாடில நிப்பாங்க. கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்லவா?"

மெஹ்ரா சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கர்னல் முன்னாலேயே கண்ணை மூடினார். கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து ஒரு கடலையை உடைத்தார்.

"படிங்க, நித்யா ஜி."

மெதுவாகச் சொன்னேன். "எல்லா மாடியிலும் இருக்கிற கதவுகள்." கடலை உடைந்தது. "அதுல, ஒரு பக்கம் அவசரப் படிக்கட்டு இருக்கிற கதவுகள்..."

சத்தம் நின்றது.

மெஹ்ரா சார் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "ஒரு பக்கம் படிக்கட்டா?"

"ஆமா சார். படிக்கட்டுக் கதவுன்னா அதோட ஒரு பக்கம் படிக்கட்டா இருக்கணும் இல்லையா..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன் தீயணைப்புத் துறை கேட்டதால், மேல்மாடிகளில் வார்டு நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறையைச் சேர்த்திருந்தார்கள். புகை படிக்கட்டுக்குள் போகாமல் தடுப்பதற்காக. அதற்கு லாபி என்று பெயர். இப்போது நடைபாதையிலிருந்து ஓடி வருகிறவர் முதலில் திறக்கும் கதவு லாபிக்குள் திறக்கும். அதன் ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் லாபி. இரண்டு பக்கத்திலும் படிக்கட்டு இல்லை. படிக்கட்டைக் கேட்ட என் கேள்வி அந்தக் கதவுகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"லாபி சார்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மெஹ்ரா சார் எழுந்தார். மூன்று பேரும் என் மேசைக்கு வந்தோம். லாபியையும் கேள்வியில் சேர்த்தேன். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கர்னல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது மாடியில் ஒரு கதவு சிவந்தது. அடுத்து மூன்றாவது மாடியின் இரண்டு லாபிக் கதவுகளும் சிவந்தன. பிறந்த குழந்தைகள் பிரிவு. லாபியைச் சேர்த்த யாரோ கதவுகளை வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் நடைபாதைப் பக்கம் திறந்தன. இழுத்தால்தான் திறக்கும்.

"ஒரு கதவு இந்தப் பக்கம் திறந்தா என்ன, அந்தப் பக்கம் திறந்தா என்ன? திறக்குதுல்ல?" என்றார் கர்னல். கோபமாகச் சொல்லவில்லை. காலையில் நிற்கப் போகும் ஆட்களை நினைத்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எனக்கு விதி எண்ணைச் சொல்ல வரவில்லை. "சார், நர்ஸ் ரெண்டு கையிலயும் குழந்தை இருக்கும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மார்போடு மடக்கிக்கொண்டு, எங்கள் மீட்டிங் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். அது எங்கள் பக்கமாக இழுத்துத் திறக்கும் கதவு. தோளால் தள்ளினார். முழங்கையைக் கைப்பிடியில் கொடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை தள்ளினார். யாரும் சிரிக்கவில்லை. கைகளைப் பிரித்துத் தொலைபேசியை எடுத்து, கட்டட இடத்தில் இருந்தவரிடம், "மூணாவது மாடி ஃப்ரேம் நாளைக்கு வேண்டாம். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார்.

கதவுகளைத் திருத்தி, மறுபடி தேடி, வரைபடம் போனது. கிளம்பும்போது கார்த்தி அழைத்தார்.

"ஏனுங்க, இத்தன மிஸ்டு கால்! கொளந்த பொறந்துருச்சுங்களா?"

"மிளகா எங்க வச்சீங்க?"

"அட அதுங்களா! அஞ்சாவது மாடி லாபிக் கதவுங்க. ஏன், அகப்படலீங்களா?"

அப்படியென்றால் தரைத்தளக் கதவும் மூன்றாவது மாடிக் கதவுகளும் நிஜமான தவறுகள்தான்.

மெஹ்ரா சார் பாராட்டுவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "பழைய கேள்வி லாபியைப் பார்க்கல. சரி. இப்ப எழுதியிருக்கிற கேள்வி எதைப் பார்க்கல, நித்யா ஜி?"

நான் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அவருக்கும் பதில் தெரியாது என்று இப்போது தோன்றுகிறது.

யாழினி பிறந்தாள். விடுப்பு முடிந்தது. நான் திரும்பிப் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சிக்குப் போய்விட்டார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஒரு கேள்வி எழுதுவதற்கு முன்னால் மனத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அது என்னால் முடியும் என்று தோன்றவில்லை. பால் புட்டியை நான்கு முறை கழுவினேன். சுவிட்சு, தாழ்ப்பாள், ஜன்னல் என்று போய்ப் போய்ப் பார்த்தேன். என் கணவர் பாஸ்கர் திருநெல்வேலிக்காரர். "என்னட்டி, வீட்லயும் மொளகா வைக்கியா?" என்று கேலி செய்வார். அப்போது சிரித்தேன்.

ஷ்ரேயா பேசிய மறுநாள் மெஹ்ரா சாரே அழைத்தார். "எல்லாரும் பதிலைத்தான் காட்டறாங்க. கேள்வியைப் படிச்சுக் காட்ட ஆள் இல்ல. அரை நாள் வந்தாகூடப் போதும்" என்றார். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. அதுவும் கெஞ்சல் என்று சொல்ல முடியாது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அரை நாள் வேலைக்கு ஒத்திகையாக யாழினியை இரண்டு வாரமாக அங்கே விடுகிறேன். பார்த்துக்கொள்கிறவர் செல்வி அக்கா. சேலத்துப் பக்கத்துக் குடும்பம், சின்ன வயதிலேயே தில்லிக்கு வந்தவர். மதியம் அழைத்துவரப் போனால், எல்லாம் சரி என்று தினமும் ஒரே பதில்.

"எல்லாம் டீக்மா. சாப்ட்டா, வெளையாண்டா, தூங்குனா."

பூஜ்யம். தினமும் பூஜ்யம்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். யாழினிக்கு ஒரு காலில் மஞ்சள் காலுறையும் மறு காலில் நீலக் காலுறையும் போட்டு அனுப்பினேன். மதியம் போனேன். "எல்லாம் டீக்மா." அதே இரண்டு நிறம், அதே கால்கள். மிளகாய் அகப்படவில்லை. காலுறையையே பார்க்காதவர் வேறு எதைப் பார்ப்பார்?

அடுத்த நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, நேத்து பாப்பா காலைக் கவனிச்சீங்களா?"

"அந்த ரெண்டு கலரு மோஜாவா? காலைலயே பாத்தேனே." அவர் சிரித்தார். "அரே, நீ ஜல்தில ஓடி வர்றது தெரியாதா எனக்கு? ஒரு கால்ல சூரியன், ஒரு கால்ல வானம்னு நானும் பாப்பாவும் சிரிச்சோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதுக்கும்மா சொல்றது? மொத மொத புள்ளைய வுட்டுட்டுப் போற. இதுல மோஜா கூட சரியாப் போடலைன்னு வேற சொன்னா ஒனக்கு மனசு கஷ்டப்படும்ல? சின்ன விஷயம்."

யாழினியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். செல்வி அக்கா கவனிக்கிறார். நான் நினைத்ததைவிட நன்றாகக் கவனிக்கிறார். அந்த விஷயத்தில் என் மனம் அமைதியானது. ஆனால் எனக்கு வலிக்கும் என்று ஒரு காலுறையைச் சொல்லாமல் விட்டவர், அதே காரணத்துக்காக யாழினி கீழே விழுந்தாலும் சொல்லாமல் விடுவாரா? மென்பொருள் என் மனம் நோகும் என்று எதையும் மறைத்ததில்லை. கேள்வி போய்ச் சேர்ந்தால் பதில் வந்துவிடும். ஒரு மனிதரிடம், அதுவும் அன்பான மனிதரிடம், எப்படிக் கேள்வி எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மறுபடி ஒரு மிளகாய் வைக்கவும் மனம் வரவில்லை. என் குழந்தையோடு சேர்ந்து சிரித்த ஒருவரை எப்படிச் சோதிப்பது?

குழந்தையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மாக்களும் அப்பாக்களும் இதைப் படிப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். திரும்ப அழைத்துவரப் போகும்போது முதலில் என்ன கேட்பீர்கள்? "எப்படி இருந்தாள்" என்பதைத் தவிர வேறு ஒரு கேள்வி, நீங்கள் கேட்டுப் பலன் கண்ட ஒன்று, அதைச் சாதாரணத் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். ஹோலிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.